நாள் தள்ளிப்போவதற்கு முன்பே: சர்க்கரை நோயுள்ள பெண்களும் ஃபோலிக் அமிலமும்

மலர்க் குழுவினர் சர்க்கரை நோயைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். சங்க மலர்களில் சர்க்கரை நோய்க் கட்டுரை வராத ஆண்டு அபூர்வம். பாகற்காயும் வெந்தயமும் காலை நடையும் நம் வாசகர்களுக்கு இதற்குள் மனப்பாடம் ஆகியிருக்கும். எனவே ஒரே ஒரு சின்ன மாத்திரையைப் பற்றி மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தேன். ஃபோலிக் அமிலம் என்ற அந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் அநேகமாக எல்லோருமே சாப்பிடுகிறார்கள். ஆனால் ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள பெண், கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே, கூடுமானால் மூன்று மாதம் முன்னாலிருந்தே, அதைச் சாப்பிட ஆரம்பித்துவிட வேண்டும் என்கிற செய்தி பல வீடுகளுக்கு எட்டவில்லை. நன்றாகப் படித்தவர்கள் வீட்டிலும் எட்டவில்லை. மும்பையில் மகப்பேறு மருத்துவம் பார்க்கும் என்னிடம், இதைக் கேட்டிருக்க வேண்டிய பெண்கள் பெரும்பாலும் எட்டாவது, ஒன்பதாவது வாரத்தில்தான் வந்து உட்காருகிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "கர்ப்பத்துல சுகர்" என்றாலே நம்மவர்களுக்கு நினைவு வருவது, ஐந்தாறு மாதத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, பிரசவம் ஆனதும் பெரும்பாலும் இறங்கிவிடும் கர்ப்பகால நீரிழிவுதான். நம் நாட்டில் அதைப்பற்றிய விழிப்புணர்வு வளர்ந்ததற்குச் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் நீண்டகால உழைப்பு முக்கியக் காரணம். அந்த வகைச் சர்க்கரை தலைகாட்டும் நேரத்தில் குழந்தையின் உறுப்புகள் உருவாகி முடிந்திருக்கும். குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துவிடுவது, பிறந்தவுடன் அதன் சர்க்கரை தாழ்ந்துபோவது போன்ற தொல்லைகள் அதில் உண்டு. பிறவிக் கோளாறுகளின் கதை வேறு.

நான் இங்கே பேசப்போவது, கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் உள்ள பெண்களைப் பற்றி. பள்ளி நாளிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்ளும் டைப்-1 பெண் ஒருத்தி. இருபத்தெட்டு வயதில் டைப்-2 வந்து மெட்ஃபார்மின் சாப்பிடும் பெண் இன்னொருத்தி. முதல் பிரசவத்தில் கர்ப்பகால நீரிழிவு வந்து, "அது அப்பவே சரியாப் போச்சு" என்று மறந்துவிட்டு, இரண்டாவது குழந்தைக்குள் தனக்கே தெரியாமல் நிரந்தரச் சர்க்கரைக்காரியாக மாறிவிட்டவளும் இதில் சேர்த்தி. அவளைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்பதாகவும் கணக்கிட்டது. நம் நாட்டில் டைப்-2 மற்ற நாடுகளைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. ஐம்பது வயதுக்காரர்களின் நோயாக இருந்தது இப்போது பிள்ளை பெறும் வயதுக்குள் வந்துவிட்டது.

பதினான்கு நாள் கணக்கு

கர்ப்பத்தை நாங்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவோம். 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக விலக்காகும் பெண்ணுக்குக் கரு உருவாவது ஏறத்தாழ 14ஆம் நாள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவரும்போது கருவுக்கு இரண்டு வாரம் வயதாகிவிட்டது. மூன்றாவது வாரத்தில் கருவின் முதுகுப்பக்கம் ஒரு தகடுபோலத் திசு தடிக்கிறது. அதன் இரண்டு ஓரங்களும் எழும்பி, ஒன்றையொன்று தொட்டு மூடிக்கொண்டு ஒரு குழாயாகின்றன. இதுதான் நரம்புக் குழாய். மேல்பகுதி பிற்பாடு மூளையாகும், கீழ்ப்பகுதி தண்டுவடமாகும். பையின் ஜிப்பை மூடுவதுபோல என்று மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம். இந்த ஜிப் நடுவில் தொடங்கி மேலும் கீழுமாக ஓடும். கரு தரித்து 25ஆம் நாள் வாக்கில் தலைப்பக்கம் மூடுகிறது, 28ஆம் நாள் வாக்கில் அடிப்பக்கம் மூடுகிறது. அதாவது கடைசி விலக்கிலிருந்து எண்ணினால் 42ஆம் நாள், ஆறு வாரம்.

ஆகவே நாள் தள்ளிப்போனதிலிருந்து குழாய் மூடி முடியும்வரை இருப்பது பதினான்கே நாள். அந்தப் பதினான்கு நாளில் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் வாரம் "பாக்கலாம், சில சமயம் தள்ளிப்போறதுதானே" என்று போகும். பிறகு கடையில் பரிசோதனைப் பட்டை வாங்கி, இரண்டு கோடு தெரிந்து, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு போன். "மூணு மாசம் ஆகட்டும், யார்கிட்டேயும் மூச்சு விடாதே" என்று அம்மா. மும்பையில் மருமகள், திருநெல்வேலியிலோ கும்பகோணத்திலோ தாய், வேறொரு ஊரில் மாமியார். யார் எந்த டாக்டரைச் சொல்வது என்று தீர்மானமாகி, லீவு கிடைத்து, டோம்பிவிலியிலிருந்து ரயிலேறி வந்து சேர்வதற்குள் எட்டு வாரம். நான் அன்றைக்கு எழுதித் தரும் ஃபோலிக் அமிலம், இரண்டு வாரத்துக்கு முன்பே மூடிவிட்ட, அல்லது மூடாமலே போய்விட்ட ஒரு குழாய்க்காக எழுதப்படுகிறது.

மூன்று மாதம் முன்பே என்பதற்கும் காரணம் உண்டு. மாத்திரை சாப்பிட்ட அன்றே உடம்பில் ஃபோலேட் நிரம்பிவிடாது. சிவப்பணுக்கள் உருவாகும்போதுதான் அவற்றுக்குள் அது சேர்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். பழையவை போய்ப் புதியவை வந்து கையிருப்பு உயர வாரக்கணக்கில் ஆகும். குழாய் மூடும் நேரத்தில் செல்கள் படுவேகமாகப் பிரிகின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் புதிய டி.என்.ஏ. வேண்டும், டி.என்.ஏ.வைக் கட்ட ஃபோலேட் வேண்டும். அந்த வேளையில் கையிருப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குழாயின் தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளையும் மண்டையோட்டின் மேற்பகுதியும் உருவாவதில்லை. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை. அடிப்பக்கம் மூடாவிட்டால் ஸ்பைனா பிஃபிடா. முதுகெலும்பில் இடைவெளி விட்டு நரம்புகள் வெளியே தெரியப் பிறக்கும் குழந்தை. அறுவை சிகிச்சை உண்டு, பிழைக்கும். ஆனால் கால்களில் பலக்குறைவு, சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லாமை, தலையில் நீர் கோர்ப்பது என்று அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையே ஆஸ்பத்திரியைச் சுற்றி அமைந்துவிடும். இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஆயிரம் பிறப்புக்கு நான்கு அல்லது சற்று அதிகம் என்ற அளவில் இந்தக் கோளாறுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். மாவில் ஃபோலிக் அமிலம் கலக்கும் நாடுகளோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. இவ்வளவும் எல்லாப் பெண்களுக்கும் பொதுவான கணக்கு.

சர்க்கரை செய்யும் வேலை

சர்க்கரை நோயுள்ள தாய்க்கு இந்தக் கணக்கு கூடுகிறது. பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு அல்லது மூன்றுக்குப் பெரிய பிறவிக் கோளாறு ஏதாவது இருக்கும். கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்து, அது கட்டுப்பாட்டிலும் இல்லாத தாய்மாரிடம் ஆறிலிருந்து பத்து வரை போகிறது. இதயக் கோளாறுகள் முதலிடம், நரம்புக் குழாய்க் கோளாறுகள் அதற்கு அடுத்த வரிசையில். முதுகெலும்பின் கடைசிப் பகுதியும் இடுப்பும் வளராமல் நின்றுபோகும் ஒரு கோளாறு உண்டு. மற்றவர்களிடம் மிக மிக அபூர்வமான அது, சர்க்கரை நோயுள்ள தாய்மாரின் குழந்தைகளிடம் பல மடங்கு அதிகம்.

ஏன் என்பதற்கு விடை ஓரளவு தெரிந்திருக்கிறது. தாயின் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் தடையில்லாமல் கருவுக்குப் போய்விடும். தாய்க்குச் செலுத்தும் இன்சுலின் போவதில்லை. அந்த வயதில் கருவுக்குச் சொந்தக் கணையமும் கிடையாது. எனவே தாயின் சர்க்கரை 250 என்றால் கருவும் அந்தச் சர்க்கரையில்தான் ஊறுகிறது. அமெரிக்காவில் பாஸ்டனிலுள்ள ஜோஸ்லின் நீரிழிவு மையத்தில் மேரி லோக்கன் என்ற ஆய்வாளர் சுண்டெலிகளில் நடத்திய சோதனைகள், மிகையான குளுக்கோஸ் கருவின் செல்களில் ஆக்சிஜன் சார்ந்த ஒருவித அரிப்பை உண்டாக்கி, குழாய் மூடுவதற்கு அவசியமான பேக்ஸ்-3 என்ற மரபணுவின் வேலையை மட்டுப்படுத்துவதாகக் காட்டின.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். பிரச்சினையின் வேர் ஃபோலேட் குறைவு அல்ல, சர்க்கரை மிகுதி. அப்படியென்றால் ஃபோலிக் அமிலம் எதற்கு? சர்க்கரை நோயுள்ள எலிகளுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது குட்டிகளில் கோளாறு குறைந்தது. மனிதர்களில், 2012-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, சர்க்கரை நோயினால் கூடும் பிறவிக் கோளாறு அபாயம், கர்ப்பத்தை ஒட்டி ஃபோலிக் அமிலம் கலந்த வைட்டமின் எடுக்காத தாய்மாரிடமே பெரிதும் காணப்பட்டதாகச் சொன்னது. இது நடந்து முடிந்தவற்றை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு, குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனை அல்ல. ஒழுங்காக வைட்டமின் சாப்பிடும் பெண், சர்க்கரையையும் ஒழுங்காகக் கவனித்திருப்பாள் என்ற வாய்ப்பும் உண்டல்லவா? ஆகவே மாத்திரை கூடுதல் காப்பு, சர்க்கரைக் கட்டுப்பாடு முதல் காப்பு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். "மாத்திரை சாப்பிடறேனே டாக்டர், அப்புறம் என்ன?" என்று ஏ1சி ஒன்பதரையோடு கேட்பவர்களுக்கு என் பதில், ஒரு கதவைப் பூட்டிவிட்டு இன்னொன்றைத் திறந்து போட்டால் பூட்டின கதவுக்கு என்ன மரியாதை என்பதுதான்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஏ1சி, கர்ப்பத்துக்கு முயலும்போது 6.5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள், அடிக்கடி தாழ்சர்க்கரை வராமல் அதை எட்ட முடிந்தால். பத்துக்கு மேல் இருந்தால் அது இறங்கும்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது என்று பிரிட்டிஷ் வழிகாட்டுதல் அழுத்தமாகவே சொல்கிறது. எட்டிலிருந்து ஏழுக்கு இறக்கினாலும் அந்த அளவுக்கு லாபம்தான்.

பரேல் ஆலைத் தொழிலாளிகளிலிருந்து

இந்த வைட்டமின் கதை நம் ஊரிலிருந்து தொடங்குகிறது என்பதை மும்பைத் தமிழர்களுக்குச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-இல் பம்பாய் வந்தார். பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்தில் இருந்துகொண்டு, துணி ஆலைத் தொழிலாளிக் குடும்பங்களின் கர்ப்பிணிகளுக்கு வரும் ஒருவகைக் கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். இரும்புச் சத்துக்கு அது மசியவில்லை. ஏழைகளிடம் அதிகம், நன்றாகச் சாப்பிடுபவர்களிடம் குறைவு. ஆக, உணவில் ஏதோ குறைகிறது. ஆராய்ச்சியின் ஒரு பகுதியைக் குன்னூரிலும், பிறகு சென்னையில் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் நடத்தினார். விலை மலிவான மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைக் குணப்படுத்துவதைக் கண்டு 1931-இல் வெளியிட்டார். அதிலிருந்த பெயர் தெரியாத சத்தை 'வில்ஸ் காரணி' என்று அழைத்தார்கள். 1941-இல் அமெரிக்காவில் நான்கு டன் பசலைக்கீரையைப் பிழிந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கு, இலை என்னும் பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். 1945 வாக்கில் அதைச் செயற்கையாகத் தயாரித்தது, லெடர்லி ஆய்வுக்கூடத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவருக்கு நம் பாடப் புத்தகங்கள் கொடுக்கும் இடம் போதாது என்பது என் நெடுநாள் குறை.

ஆனால் வில்ஸ் தேடியது தாயின் ரத்தசோகைக்கு மருந்து. குழந்தையின் நரம்புக் குழாயோடு இதற்குள்ள தொடர்பு உறுதியாக நிரூபிக்கப்பட மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. ஏற்கெனவே ஒருமுறை இப்படிப்பட்ட குழந்தையைப் பெற்ற 1,817 பெண்களை வைத்து, 7 நாடுகளில் 33 மையங்களில் நடந்த பிரிட்டிஷ் சோதனையின் முடிவு 1991-இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவர்களிடம் கோளாறு மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டே ஹங்கேரியிலிருந்து வந்த சோதனையில், முன்பு அத்தகைய குழந்தை பிறந்திராத பெண்களுக்கு 0.8 மில்லிகிராம் கலந்த வைட்டமின் கொடுத்தார்கள். எடுத்தவர்களில் ஒருவருக்கும் கோளாறு வரவில்லை, எடுக்காதவர்களில் ஆறு பேருக்கு வந்தது.

எவ்வளவு சாப்பிட வேண்டும்?

இங்கேதான் நிபுணர்கள் ஒத்துப்போவதில்லை. சர்க்கரை நோயுள்ள பெண்களை மட்டும் எடுத்து, எந்த அளவு சிறந்தது என்று ஒப்பிட்டு நடத்திய குலுக்கல் முறைச் சோதனை கிடையாது. பிரிட்டனில் 5 மில்லிகிராம் என்கிறார்கள். முன்பு பாதிப்பு கண்ட பெண்களுக்குக் கிடைத்த பலனைக் கூடுதல் அபாயம் உள்ள இவர்களுக்கும் நீட்டித்த யோசனை அது. கனடாவில் 1 மில்லிகிராம். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் குறைந்தது 400 மைக்ரோகிராம் என்கிறது, அதாவது 0.4 மில்லிகிராம். ஐந்துக்கும் 0.4-க்கும் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். இதைப் படிக்கும் மருத்துவ நண்பர்கள் கையில் வேறு கணக்கு இருக்கலாம். நான் 5 மில்லிகிராம் கொடுக்கிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1998 முதல் மாவிலேயே ஃபோலிக் அமிலம் கலக்கிறார்கள். அங்கே பெண்ணின் கையிருப்பு வேறு, இங்கே வேறு. அதோடு நம் மருந்துக் கடைகளில் எங்கும் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரைதான். ஒரு நாள் மாத்திரைக்கு ஒரு கட்டிங் சாய் விலைகூட ஆகாது. விலை உயர்ந்த அட்டைகளில் மெத்தில் ஃபோலேட் என்று விற்பதைச் சிலர் வாங்கி வருகிறார்கள். நரம்புக் குழாய்க் கோளாற்றைத் தடுப்பதாகச் சோதனைகளில் நிரூபணமானது பழைய, மலிவான ஃபோலிக் அமிலமே.

"இன்னும் ரெண்டு சேத்துச் சாப்பிட்டா நல்லதுதானே?" என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம்மவர்களில் சைவ உணவுக்காரர்கள் நிறையப் பேர். சைவ உணவில் வைட்டமின் பி-12 பாலிலும் தயிரிலும் கிடைப்பதுதான். அதோடு பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் பி-12 இன்னும் குறையும். பி-12 குறைவால் வரும் ரத்தசோகையை அதிக ஃபோலிக் அமிலம் சரிசெய்தாற்போலக் காட்டும், ஆனால் நரம்புகள் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் தலையில் போட்டுவிட்டு எல்லோரும் சும்மா இருந்துவிடுவோம். புனேயில் டாக்டர் யாஞ்ஞிக் குழுவினர் கிராமப்புறத் தாய்மாரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2008-இல் வந்தது. அந்தத் தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு பி-12 குறைவு. பி-12 குறைந்து ஃபோலேட் மட்டும் உயர்ந்திருந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு அதிகமாக இருந்தது. அதனால் 5 மில்லிகிராம் எழுதும்போதே பி-12 அளவையும் பார்த்து, குறைவானால் அதையும் சேர்த்துக் கொடுப்பது என் வழக்கம். மேல்நாட்டு வழிகாட்டுதலை அப்படியே பிரதி எடுத்தால் இந்த வரி விட்டுப்போகும்.

கீரை போதாதா என்று கேட்காத மாமியார் இல்லை. முருங்கைக்கீரை, பாலக், வெந்தயக்கீரை, உளுந்து, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் ஃபோலேட் இருக்கிறது, தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் அது தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் சத்தில் பெரும்பங்கு சாக்கடைக்குப் போய்விடும். மிஞ்சியதும் மாத்திரை அளவுக்கு உடம்பில் ஒட்டாது. ரேஷன் கடைகளில் கொடுத்த செறிவூட்டப்பட்ட அரிசியைப் பற்றியும் கேட்கிறார்கள். 2021-இல் அறிவிக்கப்பட்டு நாடெங்கும் கொண்டுவரப்பட்ட திட்டம் அது. விதிமுறைப்படி ஒரு கிலோவில் ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம். நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் 30 மைக்ரோகிராம் தேறும். சர்க்கரை நோயுள்ள பெண்ணை அவ்வளவு அரிசி சாப்பிடச் சொல்லவும் முடியாது! வாரம் ஒருமுறை கொடுக்கும் அரசாங்கத்தின் சிவப்பு இரும்பு மாத்திரையில் 500 மைக்ரோகிராம் இருக்கிறது. ரத்தசோகைக்கு நல்லது, நாம் பேசுகிற காரியத்துக்கு வாரம் ஒன்று காணாது.

யார் சொல்வது?

எனக்கு உண்மையில் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தொரு வயதுப் பெண், திருமணமாகி இரண்டு ஆண்டு, நான்கு ஆண்டாக டைப்-2. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை டாக்டரிடம் ஒழுங்காகப் போய்வந்திருக்கிறாள். ஃபைல் கட்டை மாதிரி தடிமன். அதில் கொழுப்பு உண்டு, சிறுநீரகம் உண்டு, கண் பரிசோதனை உண்டு. "குழந்தை எப்போது பெற்றுக்கொள்ள உத்தேசம்?" என்று ஒருவரும் கேட்டதற்கான அடையாளம் ஒரு பக்கத்தில்கூட இல்லை. ஏ1சி 9.2. என்னிடம் வந்தது ஒன்பதாவது வாரம். பன்னிரண்டாவது வார ஸ்கேனில் குழந்தைக்கு மண்டையோட்டின் மேற்பகுதி இல்லை. அவள் அழவில்லை. "நான் எதையாவது தப்பாச் சாப்பிட்டுட்டேனா டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள். அவள் ஒன்றும் தப்பாகச் சாப்பிடவில்லை. சாப்பிட வேண்டிய ஒன்றை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட்டிருந்தால் நிச்சயம் தவிர்த்திருக்கலாம் என்று எந்த மருத்துவராலும் சத்தியம் செய்ய முடியாது, சாப்பிட்டவர்களுக்கும் சில சமயம் வருகிறது. வாய்ப்பே கொடுக்கப்படவில்லை என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சர்க்கரை டாக்டர், இது பெண்கள் டாக்டரின் வேலை என்று நினைக்கிறார். பெண்கள் டாக்டரிடம் அவள் கர்ப்பமான பிறகுதான் வருகிறாள். குடும்ப டாக்டர் இரண்டு நிபுணர்கள் இருக்கும்போது நாம் எதற்கு என்று இருந்துவிடுகிறார். மூவரும் பொறுப்பற்றவர்கள் அல்லர். கர்ப்பத்துக்கு முந்தைய அந்த மூன்று மாதம் எவருடைய பட்டியலிலும் இல்லை, அவ்வளவுதான். இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. 5 மில்லிகிராமை அதிகாரபூர்வமாகப் பரிந்துரைக்கும் பிரிட்டனில்கூட, தேசியக் கணக்கெடுப்புகளில் சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிகளில் பாதிப்பேர்கூட அதை முன்கூட்டி எடுத்திருக்கவில்லை. டைப்-2 பெண்களிடம் நிலைமை இன்னும் மோசம்.

நம்மவர்களிடம் இதற்குமேல் ஒரு பூட்டு இருக்கிறது. பெண்ணுக்குச் சர்க்கரை என்பதைக் கல்யாணத்தின்போது மறைப்பது. டைப்-1 பெண்கள் சிலர் குளியலறையில் இன்சுலின் போட்டுக்கொண்டு புகுந்த வீட்டில் காலம் தள்ளுவதை அறிவேன். அப்படிப்பட்டவள் ஏ1சி இறங்கும்வரை குழந்தையைத் தள்ளிப்போட வேண்டும் என்று எப்படிச் சொல்வாள்? "விசேஷம் உண்டா?" என்று கேட்கும் வீட்டில், கர்ப்பமாவதற்கு முன்பே கர்ப்ப மாத்திரை வாங்கி வைப்பதை அபசகுனமாகக் கருதுபவர்களும் இருக்கிறார்கள். ஒரு பெரியம்மா என்னிடமே, "பொறக்காத பிள்ளைக்கு இப்பவே மருந்தா டாக்டரம்மா?" என்றார். வளைகாப்புக்கு முன்பே தொட்டில் வாங்கக் கூடாது என்ற நம்பிக்கையோடு நான் சண்டைக்குப் போவதில்லை. இது பிள்ளைக்கான மருந்து இல்லை அம்மா, மருமகள் ரத்தத்துக்கான சத்து என்றேன். ஒத்துக்கொண்டார்.

பெண்ணுக்கு அல்லது மருமகளுக்குச் சர்க்கரை என்றால், கேட்க வேண்டிய கேள்வியை நாமே கேட்டுவிடலாம்: "அடுத்த வருஷத்துக்குள்ள குழந்தைக்கு யோசிக்கிறோம், இப்பவே என்ன செய்யணும் டாக்டர்?" சர்க்கரை டாக்டர், பெண்கள் டாக்டர் யாரிடம் கேட்டாலும் சரி. அந்த ஒரு கேள்வியில் மற்ற விஷயங்களும் வெளியே வந்துவிடும். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் வகையோ, கொழுப்புக்கு ஸ்டேட்டின் வகையோ சாப்பிடுபவர்களுக்கு மாற்றித் தர வேண்டும். எடைக்கும் சர்க்கரைக்கும் வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட் ஊசியைக் கர்ப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். மெட்ஃபார்மினையும் இன்சுலினையும் தொடரலாம். எதையும் தானாக நிறுத்தக் கூடாது, முக்கியமாக இன்சுலினை. கண்ணின் விழித்திரையையும் சிறுநீரகத்தையும் முன்னதாகப் பார்த்துவிட வேண்டும். இவை எல்லாம் முடியும்வரை கருத்தடை ஏதாவது ஒன்று அவசியம். அதைப்பற்றிப் பேசக் கூச்சப்படுவதால்தான் பாதிக் கர்ப்பங்கள் 'திடீரென்று' நிகழ்கின்றன.

இதைப் படிக்கும்போதே எட்டு வாரம் ஆகிவிட்டவர்கள் கலங்க வேண்டாம். சர்க்கரை நோயுள்ள தாய்மாரில் மிகப் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைதான் பிறக்கிறது. தாமதமாகிவிட்டது என்பதற்காக மாத்திரையை விட்டுவிட வேண்டியதும் இல்லை. நஞ்சுக்கொடி வளரவும் தாயின் ரத்தம் பெருகவும் ஃபோலேட் வேண்டும். பதினொன்றிலிருந்து பதினான்கு வாரத்துக்குள் ஒரு ஸ்கேனும், பதினெட்டு முதல் இருபது வாரத்துக்குள் முதுகெலும்பையும் இதயத்தையும் நிதானமாகப் பார்க்கும் இன்னொரு ஸ்கேனும் தவறாமல் எடுக்க வேண்டும். ஏழாம் மாதம் பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள் அந்த அறிக்கைகளைக் கையோடு கொண்டுபோகட்டும், அங்குள்ள டாக்டர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிராது. 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் பன்னிரண்டு வாரம் முடியும்வரைதான். அதன்பிறகு கர்ப்பிணிகள் எல்லோருக்கும் கொடுக்கும் தினசரி இரும்பு மாத்திரைக்கு மாறிக்கொள்ளலாம். 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் அதிலேயே இருக்கிறது.